கரியமில வாயு ஏறினால் மூச்சு என்ன செய்யும்? அதை அளப்பது ஏன் இவ்வளவு கடினம்?

அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு பேர் அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் நிமிடத்துக்கு 12 முறை மூச்சு விடுகிறார்கள். இருவர் ரத்தத்திலும் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 45 மி.மீ. பாதரசத்தைத் தாண்டவில்லை, அதாவது வழக்கமான வரம்புக்குள்தான் இருக்கிறது. விரலில் மாட்டிய கருவி இருவருக்கும் ஆக்சிஜன் 98 சதவீதம் என்று காட்டுகிறது. ஆனாலும் ஒருவர் பத்திரமாக இருக்கிறார், இன்னொருவருடைய மூச்சு நூலிழையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இந்த வித்தியாசம் மேலே சொன்ன மூன்று எண்களில் எதிலும் தெரியாது.

தெரியவேண்டுமென்றால் ஒரே வழிதான். கார்பன் டை ஆக்சைடை வேண்டுமென்றே கொஞ்சம் ஏற்றிவிட்டு, மூச்சு எவ்வளவு கூடுகிறது என்று பார்க்கவேண்டும். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் எப்படி ஏற்றுகிறோம், எவ்வளவு நேரம் ஏற்றுகிறோம், அப்போது ஆக்சிஜனை என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்து அதே மனிதரிடம் வேறு வேறு விடைகள் கிடைக்கும். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உடலியக்கவியல் அறிஞர்கள் மல்லுக்கட்டிவரும் விஷயம் இது.

பழைய கதையிலிருந்து தொடங்கலாம். நம்முடைய அன்றாட மூச்சை நடத்துவது ஆக்சிஜன் பற்றாக்குறை அல்ல, கார்பன் டை ஆக்சைடுதான் என்று 1885-இலேயே சொன்னவர் சுவிட்சர்லாந்தின் ஃபிரெட்ரிக் மீஷர். செல்லின் உட்கருவிலிருந்து இன்று நாம் டிஎன்ஏ என்று அழைக்கும் பொருளை முதலில் பிரித்தெடுத்த அதே மீஷர்தான். ஆனால் அதை எண்களில் நிறுவிக்காட்டியது 1905-இல் பிரிட்டனின் ஜே. எஸ். ஹால்டேனும் ஜே. ஜி. பிரீஸ்ட்லியும் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் பயன்படுத்திய கருவி ஒரு நீளமான ரப்பர் குழாய், அவ்வளவுதான். மூச்சை அதற்குள் வேகமாக, முழுவதுமாக விட்டுவிட்டு, குழாயின் வாயை நாக்கால் அடைத்துக்கொள்வார்கள். மூச்சின் கடைசிப் பகுதி நுரையீரலின் ஆழத்தில் உள்ள காற்றறைகளிலிருந்து வருவது. அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பகுப்பாய்வு செய்தால், ரத்தம் எந்தக் காற்றோடு உறவாடுகிறது என்று தெரிந்துவிடும்.

அந்தக் குழாயை ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலை உச்சிக்கும் கொண்டுபோனார்கள், கார்ன்வால் பகுதியில் இருந்த ஆழமான சுரங்கத்துக்குள்ளும் கொண்டுபோனார்கள். காற்றழுத்தம் மாறியபோது காற்றறைகளில் கார்பன் டை ஆக்சைடின் சதவீதம் மாறியது. ஆனால் அதன் அழுத்தம் ஏறக்குறைய மாறவே இல்லை, 40 மி.மீ. பாதரசத்தை ஒட்டியே நின்றது. உடல் கட்டிக்காப்பது சதவீதத்தை அல்ல, அழுத்தத்தை என்று அப்போது புரிந்தது. இன்னொன்றையும் கண்டார்கள். காற்றறைகளில் கார்பன் டை ஆக்சைடு 0.2 முதல் 0.3 சதவீதம் கூடினாலே போதும், காற்றறைகளுக்குப் போய்வரும் காற்று இரட்டிப்பாகிவிடுகிறது. அழுத்தக் கணக்கில் அது வெறும் 1.5 அல்லது 2 மி.மீ. உடலில் இவ்வளவு கூர்மையாக வேலை செய்யும் கட்டுப்பாடுகள் குறைவு. ஒரு ரப்பர் குழாயை வைத்துக்கொண்டு இதைப் பிடித்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

சரி, இந்தக் கூர்மை எங்கிருந்து வருகிறது? கார்பன் டை ஆக்சைடைக் கவனிக்கும் உணர்விகள் இரண்டு இடங்களில் இருக்கின்றன. ஒன்று மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள தடுப்பைக் கார்பன் டை ஆக்சைடு தடையின்றிக் கடந்துவிடும். ரத்தத்தில் உள்ள அமிலத்தால் அப்படிக் கடக்க முடியாது. உள்ளே போன வாயு தண்ணீரோடு சேர்ந்து அமிலமாகிறது, அந்த அமிலத்தன்மையைத்தான் முகுளத்தில் உள்ள செல்கள் உணர்கின்றன. இன்னொரு இடம் கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் கவட்டில் உள்ள கரோட்டிட் உறுப்பு, அரிசிமணி அளவே இருக்கும். மூச்சைக் கட்டுப்படுத்துவதில் இந்த உறுப்பின் பங்கைக் காட்டியதற்காகத்தான் பெல்ஜியத்தின் கார்னீல் ஹேமன்ஸுக்கு 1938-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. கரோட்டிட் உறுப்பு சில வினாடிகளில் பதில் சொல்லிவிடும். முகுளம் நிதானம், முழு பதிலுக்கு நிமிடக் கணக்கில் ஆகும். சாதாரண ஆக்சிஜன் அளவில் மொத்த பதிலில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு முகுளத்துடையது, மீதி கரோட்டிட் உறுப்புடையது. ஆனால் ஆக்சிஜன் குறையக் குறையக் கரோட்டிட் உறுப்பின் குரல் ஓங்கும். 1958-இல் ஆக்ஸ்ஃபோர்டில் லாய்டு, ஜூக்ஸ், கன்னிங்ஹாம் மூவரும் இதை வரைபடமாக்கினார்கள். கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற மூச்சு எவ்வளவு கூடுகிறது என்று வெவ்வேறு ஆக்சிஜன் அளவுகளில் வரைந்த கோடுகள், ஒரு புள்ளியிலிருந்து விசிறிபோல விரிந்தன. ஆக்சிஜன் குறைவும் கார்பன் டை ஆக்சைடு மிகுதியும் ஒன்றோடொன்று கூட்டலாக அல்ல, பெருக்கலாகச் சேர்கின்றன என்பதுதான் அந்த விசிறி சொன்ன செய்தி. அதனால் கார்பன் டை ஆக்சைடுக்கான பதிலை அளக்கும்போது ஆக்சிஜனை அதன் போக்கில் விட்டுவிட்டால் அளவு கெட்டுவிடும்.

இப்போது அந்த இரண்டு கட்டில்களுக்குத் திரும்பலாம். ஓய்வு நிலையில் வித்தியாசம் ஏன் தெரிவதில்லை? காரணம், இது ஒரு மூடிய வளையம். கார்பன் டை ஆக்சைடு ஏறினால் மூச்சு கூடும், மூச்சு கூடினால் கார்பன் டை ஆக்சைடு இறங்கும். ஒருவருடைய உணர்திறன் பாதியாகிப்போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு கொஞ்சம் தணியும், கார்பன் டை ஆக்சைடு இரண்டு மூன்று மி.மீ. ஏறும், அந்த ஏற்றமே மூச்சை மறுபடி தூக்கிவிடும். வளையம் தன் பலவீனத்தைத் தானே மூடி மறைத்துவிடுகிறது. 40 என்று இருந்தது 43 ஆகியிருக்கும், அவ்வளவுதான். 43-ஐப் பார்த்து யாரும் பதறமாட்டார்கள்.

ஆகவே உணர்திறனை அளக்கவேண்டுமென்றால் வளையத்தை வெட்டவேண்டும். அதாவது, எவ்வளவு வேகமாக மூச்சு விட்டாலும் கார்பன் டை ஆக்சைடு இறங்காத ஒரு நிலையை உண்டாக்கவேண்டும். அளக்கும் முறைகள் எல்லாவற்றின் பின்னாலும் இருக்கும் யோசனை இதுதான்.

பழைய முறை, நிலைநிறுத்தும் முறை. உள்ளே இழுக்கும் காற்றில் 3 சதவீதம், அப்புறம் 5 சதவீதம் என்று கார்பன் டை ஆக்சைடைக் கலந்து கொடுப்பார்கள். நம்மைச் சுற்றியுள்ள காற்றில் இது சுமார் 0.04 சதவீதம்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் மூச்சு ஒரு நிலைக்கு வந்து அடங்கும்வரை எட்டு பத்து நிமிடம் காத்திருந்து, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று குறிப்பார்கள். நேர்மையான முறைதான். ஆனால் பொறுமையைச் சோதிக்கும். நான்கு புள்ளிகள் வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் போய்விடும், நோயாளி களைத்துப்போவார்.

1967-இல் டி. ஜே. சி. ரீட் வெளியிட்ட முறை இதைச் சில நிமிடங்களுக்குச் சுருக்கியது. விட்ட மூச்சையே திரும்ப இழுக்கவைப்பது, அதுதான் யோசனை. அதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம்.

நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மூக்கில் கிளிப், வாயில் ரப்பர் பொருத்தி. பொருத்தியிலிருந்து ஒரு குழாய், ஒரு பெட்டிக்குள் உள்ள பைக்குப் போகிறது. பையில் நான்கு முதல் ஆறு லிட்டர் வாயு. அதில் 7 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, மீதி ஆக்சிஜன். முதலில் அவர் அறைக் காற்றைத்தான் சுவாசிக்கிறார், திரையில் ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தத்தைக் காட்டும் எண் 39, 40, 39 என்று ஓடுகிறது. ஒரு மூச்சை முழுவதுமாக வெளியே விட்டதும் வால்வு திருப்பப்படுகிறது. இப்போது அவருக்குக் கிடைப்பது பையில் உள்ளது மட்டும்தான். ஆழமாக நான்கைந்து மூச்சுகள், பையும் நுரையீரலும் ஒன்றாகக் கலக்கின்றன. எண் சட்டென்று 50-க்குத் தாவுகிறது. முதல் அரை நிமிடம் பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை. பிறகு மார்பு உயர்வது கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. இரண்டாவது நிமிடத்தில் தோள்களும் சேர்ந்து எழும்புகின்றன. முகம் சிவக்கிறது, நெற்றியில் ஈரம், தலைக்குள் ஒரு கனம். பெட்டிக்குள் பை புஸ்ஸென்று உப்பி, சட்டென்று சுருங்குகிறது. எண் நிமிடத்துக்கு மூன்று முதல் ஆறு மி.மீ. வீதம் ஏறிக்கொண்டே போகிறது. நான்கு நிமிடம் ஆனாலோ, முன்பே வகுத்த எல்லையை எண் தொட்டாலோ, அவர் கை காட்டினாலோ சோதனை அங்கேயே நிறுத்தப்படும். பொருத்தியை எடுத்த பிறகும் ஓரிரு நிமிடம் மேல்மூச்சு வாங்கும், பிறகு அடங்கிவிடும்.

ஏன் 7 சதவீதம்? இதில்தான் ரீட்டின் சாமர்த்தியம் இருக்கிறது. கடல்மட்டக் காற்றழுத்தம் 760 மி.மீ. அதில் நீராவிக்கு 47 போக மீதி 713. அதில் 7 சதவீதம் என்றால் 50. உடலெங்கும் சுற்றிவிட்டு நுரையீரலுக்குத் திரும்பும் ரத்தத்தில் உள்ள அழுத்தத்துக்கு இது கிட்டத்தட்டச் சமம். பையில் உள்ளதும் ரத்தத்தில் உள்ளதும் சமமாகிவிட்டால், ரத்தத்திலிருந்து வாயு வெளியேற வழியில்லை. பை, நுரையீரல், தமனி ரத்தம், சிரை ரத்தம், மூளைத் திசு எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்து, அப்புறம் உடல் உற்பத்தி செய்யும் கார்பன் டை ஆக்சைடால் ஒன்றாகவே ஏறும். எவ்வளவு வேகமாக மூச்சு விட்டாலும் பயனில்லை. வளையம் வெட்டப்பட்டுவிட்டது. பை நிறைய ஆக்சிஜன் இருப்பதால் கரோட்டிட் உறுப்பும் பெரும்பாலும் அடங்கிக்கிடக்கும். அதனால் இந்தச் சோதனையில் நாம் முக்கியமாகக் கேட்பது முகுளத்தின் குரலை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். பாதுகாப்பாக நடப்பதற்குக் காரணமே பையில் உள்ள ஆக்சிஜனும், எந்நேரமும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளும்தான். சாதாரணக் காற்று உள்ள பையில் மூச்சை விட்டு இழுத்தால் ஆக்சிஜன் தீர்ந்து உயிர் போகும். தானே செய்து பார்க்கும் விஷயமே இல்லை இது.

கிடைத்த எண்களை வரைபடத்தில் போட்டால், பெரும்பாலும் நேர்க்கோடாக வரும். ஓர் உதாரணம். 50 மி.மீ. இருக்கும்போது ஒருவர் நிமிடத்துக்கு 16 லிட்டர் சுவாசித்தார், 62 ஆனபோது 46 லிட்டர். 12 மி.மீ. ஏற்றத்துக்கு 30 லிட்டர் கூடியிருக்கிறது. ஆகவே சாய்வு 2.5, அதாவது ஒவ்வொரு மி.மீ. ஏற்றத்துக்கும் இரண்டரை லிட்டர். ஆரோக்கியமானவர்கள் பலருக்கு இரண்டு, மூன்று என்ற அளவில் வரும். அதே ஆளுக்கு மார்ஃபின் என்ற வலிநீக்கி மருந்தைக் கொடுத்த பிறகு மறுபடி செய்தால் 50-இல் 8 லிட்டர், 62-இல் 20 லிட்டர் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். சாய்வு 1.0 ஆகிவிட்டது.

இதில் ஒரு பொறி உண்டு. கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அடித்தளத்தை, அதாவது மூச்சு பூஜ்யம் என்ற கோட்டை, எங்கே தொடுகிறது என்று பார்ப்பது வழக்கம், மூச்சு எந்த அளவில் தொடங்குகிறது என்பதற்கு அடையாளமாக. முதல் கோடு 43.6-இல் தொடும். மார்ஃபினுக்குப் பிறகான கோடு 42-இல். மேலோட்டமாகப் பார்த்தால் மார்ஃபின் மூச்சைச் சீக்கிரமே தொடங்கவைத்தது போல இருக்கிறது! உண்மையில் கோடு சாய்ந்து படுத்துவிட்டதால் வரும் தோற்றப்பிழை இது. அதனால்தான் மயக்க மருந்து ஆய்வுகளில் 55 மி.மீ. இருக்கும்போது எத்தனை லிட்டர் என்ற எண்ணையும் சேர்த்துச் சொல்கிறார்கள். நம் உதாரணத்தில் அது 28.5-இலிருந்து 13-க்கு இறங்கியிருக்கிறது, பாதிக்கும் கீழே. இப்போதுதான் உண்மை வெளியே வருகிறது.

முறைக்கு முறை விடை மாறும் என்று சொன்னேன் அல்லவா? ரீட் முறையில் கிடைக்கும் சாய்வு, நிலைநிறுத்தும் முறையில் கிடைப்பதைவிடப் பெரும்பாலும் செங்குத்தாக இருக்கும். யார் சரி என்ற கேள்வி பலரை அலைக்கழித்தது. விடை மூளையின் ரத்த ஓட்டத்தில் இருக்கிறது. தமனி ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறினால் மூளைக்குப் போகும் ரத்தமும் கூடும், அந்தக் கூடுதல் ரத்தம் மூளைத் திசுவில் தேங்கும் வாயுவைக் கழுவிக்கொண்டு போகும். ஆகவே நிலைநிறுத்தும் முறையில் தமனியில் 10 மி.மீ. ஏறினாலும் முகுளத்தில் அந்த அளவுக்கு ஏறாது. திரும்ப இழுக்கும் முறையிலோ கழுவிக்கொண்டு போக இடமே இல்லை, எல்லாம் சேர்ந்து ஏறுகின்றன. இரண்டுமே சரிதான், இரண்டும் கேட்கும் கேள்விதான் வேறு. ஒன்று, உயிரோடு இயங்கும் முழு உடல் எப்படிப் பதில் சொல்கிறது என்று கேட்கிறது. மற்றது, உணர்வியின் வாசலிலேயே போய்க் கேட்கிறது. எந்த முறை என்று சொல்லாமல் யாராவது ஒரு சாய்வை மட்டும் சொன்னால், என்னைப் பொறுத்தவரை அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

கனடாவின் டொரண்டோவில் ஜேம்ஸ் டஃபின் என்ற உடலியக்கவியல் அறிஞர் ரீட் முறையை இன்னொரு திசையில் வளர்த்தார். சோதனைக்கு முன் சில நிமிடம் வேகமாக மூச்சுவிடவைத்துக் கார்பன் டை ஆக்சைடைக் கீழே இறக்கிவிடுவார்கள், பிறகு ஆக்சிஜனை ஒரே அளவில் பிடித்துவைத்துக்கொண்டு மெல்ல ஏறவிடுவார்கள். அப்போது வரைபடத்தின் இடது பக்கம் ஒரு சமதளம் தெரியும். அங்கே கார்பன் டை ஆக்சைடு ஏறினாலும் மூச்சில் மாற்றமில்லை. ஒரு புள்ளியைத் தாண்டியதும் கோடு விசுக்கென்று மேலே கிளம்பும். அந்தப் புள்ளிதான் தொடக்க வரம்பு. அதற்குக் கீழேயும் விழித்திருப்பவர் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறார். விழிப்பே மூச்சுக்கு ஒரு தூண்டுகோல் என்பது இதிலிருந்து தெரிகிறது. தூங்கும்போது அந்தத் தூண்டுகோல் போய்விடும், வரம்புக்குக் கீழே போனால் மூச்சு நின்றே போகும். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இன்னொரு சிக்கல், நாம் லிட்டரில் அளப்பது மூளையின் கட்டளையை அல்ல, கட்டளைக்கு நுரையீரல் கொடுத்த விளைவை. மூச்சுக்குழாய்கள் இறுகிப்போன நாள்பட்ட நுரையீரல் நோயாளியின் சாய்வு தட்டையாக வந்தால், மூளை உணரவில்லையா, அல்லது உணர்ந்து உரக்கக் கத்தியும் மார்பால் காற்றை இழுக்க முடியவில்லையா? 1975-இல் வைட்லா, டெரென், மிலிக்-எமிலி ஆகியோர் விவரித்த முறை இதற்கு வழிகாட்டியது. மூச்சை இழுக்கத் தொடங்கும் கணத்தில் குழாயைச் சத்தமில்லாமல் அடைத்து, முதல் 0.1 வினாடியில் வாயில் எவ்வளவு உறிஞ்சழுத்தம் உண்டாகிறது என்று பார்ப்பார்கள். அந்தப் பத்தில் ஒரு வினாடிக்குள் அடைப்பை ஆளால் உணர்ந்து எதிர்வினை செய்ய முடியாது. காற்றே நகராததால் குழாயின் இறுக்கமும் கணக்கில் வராது. கட்டளையின் வலிமை மட்டும் தெரியும், தசைகள் சோர்ந்துபோகாத வரையில்.

மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாடும் அதிகம். முழு ஆரோக்கியமான இருவரின் சாய்வு ஒன்றுக்கொன்று பல மடங்கு வித்தியாசப்படலாம். உடல் அளவு, பரம்பரை, ஹார்மோன்கள், எல்லாம் சேர்ந்துதான். கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டிரோன் மூச்சைத் தூண்டுவதால் ஓய்விலேயே கார்பன் டை ஆக்சைடு 30-ஐ ஒட்டி நிற்கும். தன் மூச்சை யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிந்தாலே சிலருக்கு மூச்சு மாறிவிடும், பயமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே ஒரே ஒரு முறை அளந்துவிட்டு இவருடைய சாய்வு சரி, இவருடையது தவறு என்று தீர்ப்புச் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஒருவரை அவரோடேயே ஒப்பிடும்போதுதான், மருந்துக்கு முன், மருந்துக்குப் பின் என்று பார்க்கும்போதுதான், இந்தச் சோதனை உண்மையில் பேசுகிறது.

சாய்வு தட்டையானால் ஆபத்து என்று சொல்லிவந்தேன். செங்குத்தானாலும் தொல்லைதான். தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் வரம்பு, அப்போதைய கார்பன் டை ஆக்சைடு அளவுக்குச் சில மி.மீ. கீழேதான் இருக்கிறது. உணர்திறன் மிகுந்தவர் சிறு ஏற்றத்துக்கே பெருமூச்சு விடுவார், அதனால் அளவு வரம்புக்குக் கீழே விழும், மூச்சு நிற்கும், மறுபடி ஏறும். இதயம் பலவீனமானவர்களுக்கு நுரையீரலிலிருந்து உணர்விக்கு ரத்தம் போய்ச்சேரவும் தாமதமாகும். செய்தி எப்போதும் பழையதாகவே வந்துசேரும். மூச்சு மெல்ல வளர்ந்து, தேய்ந்து, நின்று, மறுபடி வளரும் இந்த அலையை 1818-இல் ஜான் செய்னும் 1854-இல் வில்லியம் ஸ்டோக்ஸும் விவரித்தார்கள். இன்றும் அது அவர்கள் இருவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது.

எதிர்முனையில், பிறவியிலேயே இந்தப் பதில் ஏறக்குறைய இல்லாத குழந்தைகள் இருக்கிறார்கள். பலர் விழித்திருக்கும்போது ஓரளவு சுவாசிப்பார்கள், தூங்கினால் மூச்சு அடங்கிவிடும். இரவு முழுக்கச் சுவாசக் கருவி வேண்டும். பெரும்பாலானோருக்கு ஃபாக்ஸ்2பி என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றமே காரணம் என்பது 2003-இல் தெரியவந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு இந்தப் பதில் முதிராமல் இருக்கும், அவர்களுக்குக் கஃபீன் கொடுத்தால் சாய்வு நிமிரும்.

இப்போது அந்த இரண்டாவது கட்டில். அவருக்கு வலிக்காக மார்ஃபின் போன்ற மருந்து கொடுத்திருக்கிறார்கள், மூக்கில் ஆக்சிஜன் குழாயும் இருக்கிறது. அவர் கண் அயர்கிறார். விழிப்பு தந்த தூண்டுகோல் விலகுகிறது, சாய்வோ ஏற்கெனவே படுத்துவிட்டது. மூச்சு குறைகிறது, கார்பன் டை ஆக்சைடு 55, 60, 65 என்று ஏறுகிறது. ஏறினால் அதுவே மூச்சைத் தூக்கிவிடும் என்றோமே, அந்தக் கைதான் இங்கே இல்லை. கூடுதல் ஆக்சிஜன் போய்க்கொண்டிருப்பதால் விரலில் உள்ள கருவி இன்னும் 97, 98 என்றே காட்டும். ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவி மாட்டியிருந்தால் மட்டும் முன்கூட்டியே தெரியும். அது இல்லாத வார்டில் செவிலியர் கட்டிலருகே வருகிறார், தோளைத் தொட்டு, “ஐயா, இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்கிறார். அவர் கண் திறக்கிறார், “பரவாயில்லம்மா” என்கிறார். செவிலியர் அப்போது மூச்சை எண்ணுகிறார். நிமிடத்துக்கு 12. தாளில் 12 என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார். அந்தப் பன்னிரண்டும் விழித்திருந்தவர் விட்ட மூச்சு. அவர் மறுபடி கண்ணை மூடுகிறார்.